ஆடிட்டரின் டிக்கெட்டை யார் எடுக்கிறார்?

மார்ச் கடைசி வாரத்தில் எழும்பூரிலிருந்து தெற்கே புறப்படும் பாண்டியன், நெல்லை விரைவு ரயில்களில் ஒரு தனி ரகப் பயணிகளைப் பார்க்கலாம். தோளில் லேப்டாப் பை, அதற்குள்ளேயே ஒரு மாற்று உடை, வயது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு. ஆடிட்டர் அலுவலகங்களில் ‘ஆர்ட்டிகிள்’ என்ற பெயரில் பயிற்சி பெறும் சி.ஏ. மாணவர்கள் இவர்கள். நிதியாண்டு முடியும் நாளில் நூற்பாலை, உரக்கிடங்கு, சர்க்கரை ஆலை என்று ஆளுக்கொரு ஊரில் சரக்கிருப்பு எண்ணும்போது உடனிருக்க வேண்டும். அது முடிந்த கையோடு ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை. அதற்குப் பிறகு கம்பெனிக் கணக்குகளுக்காக இன்னொரு சுற்று.

அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு இது கம்பெனி செலவில் ஊர் சுற்றும் உத்தியோகம். வீட்டாருக்கோ, நல்லது கெட்டதுக்குக்கூட ஆள் கிடைக்காத உத்தியோகம். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், பங்கு வாங்கிப் போட்டிருப்பவரும் வங்கியில் பணம் வைத்திருப்பவரும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆடிட்டர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை யார் முடிவுசெய்கிறார்? அவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது யார்?

நேரில் ஏன் போக வேண்டும்?

ஆடிட்டர் என்றாலே ஊர் ஊராகப் போகிறவர் என்ற நிலை எப்போதும் இருந்ததில்லை. பிரிட்டனின் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில், சரக்கை எண்ணிப் பார்ப்பது ஆடிட்டரின் வேலை இல்லை என்று 1896இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சந்தேகப்படக் காரணம் இல்லாதவரை, மேலாளர் தரும் சான்றிதழை அவர் நம்பிக்கொள்ளலாம். அந்த மேலாளரோ ஆண்டுக்கணக்கில் இருப்பைக் கூட்டிக் காட்டியிருந்தார்.

நாற்காலியை விட்டு எழாத அந்தச் சுகம் 1938 டிசம்பரில் முடிந்தது. அமெரிக்காவின் மெக்கெசன் அண்டு ராபின்ஸ் மருந்து நிறுவனத்தின் கணக்கில் இருந்த சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில், சுமார் 1.9 கோடி டாலர் வெறும் காகிதம். கனடாவின் கிடங்குகளில் இருப்பதாகக் காட்டிய சரக்கு அங்கே இல்லை. ஆடிட்டர்கள் கனடாவுக்குப் போய்ப் பார்க்கவில்லை. அன்றைய வழக்கப்படி அந்தக் கட்டாயமும் இல்லை. மறு ஆண்டே அமெரிக்கத் தணிக்கைத் துறை வழக்கத்தை மாற்றிக்கொண்டது. சரக்கை எண்ணும்போது உடனிருக்க வேண்டும், பாக்கி வைத்திருப்பவர்களிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்றானது. இந்தியாவில் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 501 சொல்வதும் இதைத்தான்: சரக்கிருப்பு முக்கியமான தொகையாக இருந்தால், நடைமுறையில் இயலாத சூழல் தவிர, எண்ணும் இடத்தில் ஆடிட்டர் இருந்தாக வேண்டும்.

இதன் அருமை புரிய ஒரு கிடங்குக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இருப்புப் பட்டியலிலிருந்து சில வரிகளைப் பொறுக்கியெடுத்து, அந்த மூட்டைகள் தரையில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுவார்கள். பிறகு தரையில் கண்ணில் படும் சில மூட்டைகளைப் பொறுக்கி, அவை பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். முதல் சோதனையில் இல்லாத சரக்கு மாட்டும், இரண்டாவதில் மறைத்த சரக்கு மாட்டும். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, கடைசியாக உள்ளே வந்த லாரியின் ரசீது எண்ணையும் கடைசியாக வெளியே போன லாரியின் பில் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு கிடங்குகள் இருந்தால் நான்கிலும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால், காலையில் திண்டுக்கல்லில் எண்ணிய மூட்டையையே மாலையில் மதுரையிலும் எண்ண நேரும்.

போனால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1963இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வெடித்த சமையல் எண்ணெய் மோசடியில், சோதிக்க வந்தவர்கள் தொட்டி தொட்டியாக ஏறிப் பார்க்கத்தான் செய்தார்கள். தொட்டியில் பெரும்பகுதி தண்ணீர். மேலே மிதந்தது மட்டும் எண்ணெய். தொட்டிகளுக்கிடையே குழாய் வழியாக ஒரே எண்ணெய் இடம் மாறிக்கொண்டும் இருந்தது. 2018இல் அம்பலமான பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி மும்பையில் ஒரே கிளையில் நடந்தது. அந்தக் கிளைக்கு ஆடிட்டர்கள் போகாமல் இல்லை. ஆனால், வங்கிகளிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியே அனுப்பிய உத்தரவாதக் கடிதங்கள் வங்கியின் மையக் கணினிக் கணக்கில் ஏறாததால், திரையை மட்டும் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. நேரில் போவதன் பயன், போன இடத்தில் காட்டுவதைத் தாண்டிக் கேட்பதில்தான் இருக்கிறது. கேட்கவோ நேரம் வேண்டும், தெம்பு வேண்டும், கேட்பதற்கான சுதந்திரமும் வேண்டும்.

வரவுப் பக்கம்

இளம் ஆடிட்டருக்கு இந்தப் பயணங்கள் தருவதை எந்தப் பாடப்புத்தகமும் தராது. திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் கணக்கை சென்னையில் உட்கார்ந்து பார்த்தால், ‘உற்பத்தியில் உள்ள சரக்கு’ என்று ஒற்றை வரி இருக்கும். நேரில் போனால்தான் அந்தச் சரக்கில் பெரும்பகுதி கம்பெனிக்குள்ளேயே இல்லை என்பது விளங்கும். நூல் ஒருவரிடம் துணியாகிக்கொண்டிருக்கும், துணி சாயப்பட்டறையில் இருக்கும், சாயம் போட்டது பிரிண்டிங்கில் இருக்கும். எல்லாம் ஜாப் ஒர்க். அங்கே இருக்கும் துணி யாருடையது, திரும்பி வரும்போது எடை எவ்வளவு குறையும், சாயம் சரியில்லை என்று ஒதுக்கியதை யார் தலையில் கட்டுவார்கள் என்பதெல்லாம் மேஸ்திரியோடு ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும்.

வங்கிக் கிளையிலும் அப்படித்தான். நகைக்கடன் பாக்கி என்பது கணினியில் ஒரு கூட்டுத்தொகை. இரும்புப் பெட்டியைத் திறந்து, பையின் மேலுள்ள எண்ணையும் எடையையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சிலவற்றைப் பிரித்துத் தராசில் வைத்தால்தான் அந்தத் தொகைக்குப் பின்னால் தங்கம் இருக்கிறதா என்று தெரியும். தமிழ்நாட்டில் 2021இல் ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்காக நடந்த ஆய்வின்போது, போலி நகைகளை வைத்துக் கடன் பெற்றதும் வெளியே வந்தது. பையைப் பிரிக்காதவரை கணக்கு கச்சிதமாகத்தான் இருந்திருக்கும்.

பற்றுப் பக்கம்

இதற்குக் கொடுக்கும் விலை உடம்பில் தெரியும். மாதத்தில் 14 இரவுகள் அல்லது அதற்கு மேல் வேலைக்காக வெளியூரில் தங்குபவர்களை, 1 முதல் 6 இரவுகள் தங்குபவர்களோடு ஒப்பிட்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தூக்கமின்மை, மனப்பதற்றம், மனச்சோர்வு, புகைப்பழக்கம், உடலை அசைக்காத வாழ்க்கை எல்லாமே முதல் வகையினரிடம் கூடுதலாக இருந்தன. ஹோட்டல் சாப்பாடும் லாட்ஜ் தூக்கமும் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

இந்தச் சோர்வு தனிமனிதர் பாடு என்று தள்ளிவிட முடியாது. இரவு முழுக்க ரயிலில் வந்து, காலை ஏழு மணிக்குக் கிடங்கில் நிற்பவர் அடுக்கின் முதல் வரிசையைத்தான் எண்ணுவார். பின்வரிசையில் ஏறிப் பார்க்க மாட்டார். பயண நேரத்தைப் பல அலுவலகங்கள் வேலை நேரமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பொதுத்துறை வங்கிக் கிளைகளுக்கான நியமனக் கடிதம் பெரும்பாலும் மார்ச் கடைசியில் கைக்கு வரும். ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களுக்குள் கிளை கிளையாக ஓடி அறிக்கை தந்தாக வேண்டும். கேள்வி கேட்கவே அவகாசமில்லாத தணிக்கை, கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிவிடும்.

பெண்களுக்கு இழப்பு இன்னொரு விதம். வெளியூர்த் தணிக்கைக்கு ஆள் ஒதுக்கும்போது, “லாட்ஜ் சரியிருக்காது, ராத்திரி லேட்டாகும், அந்தப் பொண்ணு வேண்டாம்” என்று அக்கறையோடு சொல்லியே பெயரை அடித்துவிடுகிறார்கள். ஆர்ட்டிகிள் பயிற்சிக் காலம் 2023 முதல் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அதில் கிடங்கையும் ஆலையையும் பார்க்காமலேயே ஒருவர் தகுதி பெற்றால், பின்னாளில் பெரிய தணிக்கைகளுக்குத் தலைமையேற்கும் வாய்ப்பு அங்கேயே தேய்கிறது. நல்ல விடுதிக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க மனமில்லாததற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

விருந்தாளியான ஆடிட்டர்

நோய் இவ்வளவோடு நிற்கவில்லை. வழக்கமான ஏற்பாட்டில் தணிக்கைக் கட்டணம் தனி, பயணச் செலவு தனி. அந்தச் செலவு கம்பெனியின் தலையில். நடைமுறையில் பல இடங்களில் கம்பெனியே டிக்கெட் எடுக்கிறது, கார் அனுப்புகிறது, தன் விருந்தினர் விடுதியில் தங்க வைக்கிறது. ஆலை ஊருக்கு வெளியே இருக்கும், பக்கத்தில் லாட்ஜ் இருக்காது என்பதால் மறுக்கவும் முடியாது.

இதில் மூன்று கேடுகள் இருக்கின்றன. எந்தக் கிடங்குக்கு எந்தத் தேதியில் ஆடிட்டர் வருவார் என்பது டிக்கெட் போட்ட அன்றே கம்பெனிக்குத் தெரிந்துவிடுகிறது. திடீர்ச் சோதனைக்கு வழியே இல்லை. அடுத்து, செலவைக் குறைக்கச் சொல்லி நிதிப் பிரிவு நெருக்கும்போது, தூரத்துக் கிடங்குதான் முதலில் பட்டியலிலிருந்து போகும். மறைக்க நினைப்பவர்களுக்கு வசதியானதும் அந்தத் தூரத்துக் கிடங்குதான். மூன்றாவது, மனித மனம். மூன்று நாள் வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிடும் மேலாளரைப் பற்றி அறிக்கையில் கடுமையாக எழுதப் பேனா தயங்கும்.

பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் நெறிமுறை, தணிக்கை செய்யும் கம்பெனியிடமிருந்து அற்பமான மதிப்புக்கு மேல் பரிசோ உபசரிப்போ பெறக் கூடாது என்கிறது. ஆனால், மூன்று நாள் தங்கலும் சாப்பாடும் உபசரிப்பா, வேலைக்கான ஏற்பாடா என்ற கேள்வி வந்தால் இரண்டாவது பதிலில் எல்லாரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அரசுத் தணிக்கையாளர்கள் பயணப்படியை அரசிடமிருந்தே பெறுகிறார்கள். ஆனாலும், முகாம் போன ஊரில் அறையும் வண்டியும் ஏற்பாடு செய்வது தணிக்கைக்கு உள்ளாகும் அலுவலகம் என்றால், கதை அங்கும் இதேதான்.

கேமரா யார் கையில்?

இதற்குத் தொழில்நுட்பம் மருந்தாகும் என்பார்கள். ஓரளவுக்கு ஆகும். வேல்ஸில் இருந்த அபெர்த்தாவ் அனல் மின்நிலையத்தின் நிலக்கரிக் குவியலை பி.டபிள்யூ.சி. தணிக்கை நிறுவனம் ட்ரோன் பறக்கவிட்டு அளந்ததை 2019இல் அறிவித்தது. குவியலின் மேல் ஆள் ஏறி நான்கு மணி நேரம் அளக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. 2020 பொதுமுடக்கத்தின்போது இந்தியாவிலும் வீடியோ அழைப்பில் சரக்கு எண்ணினார்கள்.

ஆனால், ட்ரோனை ஓட்டியது ஆடிட்டர் தரப்பு. வீடியோ அழைப்பில் செல்பேசியைப் பிடித்திருப்பதோ பெரும்பாலும் கம்பெனி ஊழியர். அவர் திருப்பாத பக்கம் ஆடிட்டருக்குத் தெரியாது. அதே 2020 ஜூனில், ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ இல்லாத பணம் என்று தெரிந்தது. ஆவணங்கள் போலியானவை என்று அந்த வங்கிகளே சொன்னபோதுதான் உண்மை வெளிப்பட்டது. எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே நம்பிவிட முடியாது, எல்லாவற்றுக்கும் நேரில் போகவும் தேவையில்லை. ஆகவே, பயணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வவுச்சரையும் ஒப்பந்தத்தையும் புரட்டுவதற்காக மட்டும் போகும் பயணங்களைத் தயங்காமல் வெட்டலாம். அவை ஸ்கேன் ஆகி மேசைக்கு வந்துவிடும். சரக்கு, ரொக்கம், நகை, மனிதர்கள் ஆகியவற்றுக்கான பயணங்களைக் கூட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

பொதுத்துறை வங்கிகளின் ஏற்பாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆடிட்டருக்குரிய கிளையை மேலிடம் ஒதுக்குகிறது. பயணப்படியும் தங்கும் படியும் விதிப்படி கணக்கிட்டுத் தரப்படுகின்றன. சோதனைக்கு உள்ளாகும் கிளை மேலாளருக்கு இதில் கை இல்லை. இதே முறையைக் கம்பெனிகளுக்கும் கொண்டுவரலாம். பயணத்துக்கும் சேர்த்தே கட்டணத்தை ஆண்டின் தொடக்கத்தில் கம்பெனி இயக்குநர்களின் தணிக்கைக் குழு நிர்ணயிக்கட்டும். போகும் இடங்களை ஆடிட்டரே தேர்ந்தெடுத்து, டிக்கெட்டையும் அறையையும் அவரே எடுக்கட்டும். பயண நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுவதும், பாலின வேறுபாடின்றி ஆர்ட்டிகிள்களை வெளியூர் அனுப்புவதும், அவர்களுக்குக் கண்ணியமான தங்குமிடம் தருவதும் தணிக்கை நிறுவனங்களின் பொறுப்பு.

கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, ஆடிட்டருக்குத் திருப்பித் தந்த செலவுகளை ஆண்டறிக்கையில் தனி வரியாகக் காட்ட வேண்டும். கம்பெனியே நேரடியாக எடுத்த டிக்கெட்டும், விருந்தினர் விடுதிச் சாப்பாடும் அந்த வரிக்குள் வராமல் பொதுவான பயணச் செலவில் கலந்துவிடுகின்றன. அவற்றையும் அதே இடத்தில் காட்டச் செய்ய அட்டவணையில் ஒரு திருத்தம் போதும். அதுவரை பங்குதாரர்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆடிட்டர் வர வேண்டும் என்று சட்டத்தின் 146ஆவது பிரிவு சொல்கிறது. எந்தெந்தக் கிடங்குக்கு நேரில் போனீர்கள், அவற்றைத் தேர்ந்தெடுத்தது யார், டிக்கெட் எடுத்தது யார் என்று மேடையிலிருப்பவரிடம் எழுந்து கேட்கலாம்.