ஒப்பிக்கிறது ஒண்ணும் பாவமில்லை!



சாயங்கால ஸ்டடி நேரத்தில் நம்ம மைதானத்துல நின்னு கேட்டிருக்கீங்களா? தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி ஒரே இரைச்சல்! எல்லாரும் படிக்கிறோம். ஒரே பக்கத்தை அஞ்சு தடவை, பத்துத் தடவை. அந்த ஒரு மணி நேரத்தில் கடைசி இருபது நிமிடம் எல்லாரும் புத்தகத்தை மூடி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கோபப்படாதீங்க, காரணம் இருக்கு.

உளவியல் நூல்களில் நினைவை நாலு வேலையாகப் பிரிப்பார்கள்: கற்றல், மனத்திலிருத்தல், மீட்டுக்கொணர்தல், மீட்டறிதல். கடைசி ரெண்டும் ஒண்ணு போலத் தோன்றும். ஆனால் பஸ்ஸில் ஒருத்தரைப் பார்த்து "எங்கேயோ பார்த்த முகமா இருக்கே" என்பது மீட்டறிதல். அவர் பேரைச் சட்டென்று சொல்வது மீட்டுக்கொணர்தல். பத்தாவது தடவை பாடத்தைப் பார்க்கும்போது வரிகளெல்லாம் தெரிஞ்ச முகமா இருக்கும். உடனே மனசு "இது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடும். பரீட்சை ஹாலில் அந்த முகம் இருக்காது, வெறும் கேள்விதான் இருக்கும்!

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப் பகுதியை நாலு வேளையும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூணு வேளை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முதல்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து? வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61! இதில் வேடிக்கை, நல்லா ஞாபகம் இருக்கும்னு அதிகம் நம்பினது வாசிச்ச குழுதான்.

(வல்லாரைக் கீரை பற்றிக் கேட்காதீங்க. எங்க வீட்டில் வாரம் ரெண்டு நாள் அதுதான்.)

"மனப்பாடம் பண்ணாதே, புரிஞ்சு படி" என்று ஆசிரியர்கள் சொல்வது சரிதான். ஆனா புரிஞ்சதும் மறக்குமே! சின்ன வகுப்பில் வாய்ப்பாட்டையும் செய்யுளையும் டீச்சர் முன்னாடி நின்னு ஒப்பிச்சோம். பெரிய வகுப்புக்கு வந்ததும் கிளிப்பிள்ளை வேலை என்று ஒப்பிக்கிறதை விட்டுட்டோம், உரக்க வாசிக்கிறதை மட்டும் வச்சுக்கிட்டோம். விட்டதுதான் உருப்படியான பாதி. நான் சொல்வது வரிக்கு வரி ஒப்பிப்பது அல்ல. சுவாசம் எப்படி நடக்கிறது என்று பக்கத்து பெஞ்சுக்காரிக்குச் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்த்தாலும் அதே வேலைதான்.

ராத்திரி பத்து மணி வரை உரக்கப் படிச்சும் மார்க் வராதவங்க எல்லா வகுப்பிலும் இருக்காங்க. அவங்களைத்தான் "மண்டையில ஏறாது"ன்னு சொல்றோம். ஏறினதை வெளியே எடுக்க நாம அவங்களைப் பழக்கினோமா? எனக்கு அவங்களுக்காகத்தான் இதை எழுதணும்னு தோணிச்சு.

அதனால் அந்த இருபது நிமிடத்தில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள். நினைவுக்கு வந்ததை எழுதுவோம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் குறிப்போம். அடுத்த நாள் அந்தச் சிவப்பை மட்டும் படிப்போம். ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள்: அந்தத் தாளுக்கு மார்க் போடாதீங்க, வாங்கியும் பார்க்காதீங்க. முதல் வாரம் பாதிப் பேர் தாளில் நாலு வரிதான் இருக்கும். அதைப் பார்த்துத் திட்டு விழுந்தால், மறுநாளே எல்லாரும் பழைய இரைச்சலுக்குப் போயிடுவோம்.

காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கு. எங்க வகுப்பில் உயிரியல் பாடத்துக்கு மட்டும் முயன்று பார்க்கப் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்காங்க. சேர விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் அடியில் பெயர் எழுதலாம்.

– பிளஸ் ஒன் மாணவி, அறிவியல் பிரிவு