வாதுக்கு வர அச்சமேன்?

அமெரிக்காவின் டெக்சாஸில் ஆளுநர் நியமனத்தால் வருபவரல்லர். மக்கள் வாக்கால் வருபவர். 2022 தேர்தலில், பதவியிலிருந்த கிரெக் அபாட், எதிர்த்து நின்ற பெட்டோ ஓ'ரூர்க்குடன் ஒரே ஒரு விவாதத்துக்குத்தான் இசைந்தார். அதுவும் செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை இரவு. ஊரே பள்ளிக் கால்பந்தாட்டம் காணும் வேளை! மண்டபத்தில் மக்களுக்கு இடமில்லை. அவ்வாண்டு மே மாதம் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் கதவடைப்புத்தான்!

அபாட்டே வென்றார். வென்றுவிட்டால் கேள்விகள் மாண்டுவிடுமா? கூலிக்கு உழைப்பவன் மாலையில் கணக்குச் சொல்கிறான்; கோட்டையில் அமர்ந்தவர் சொல்லவேண்டாமா? வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரை, எக்கட்சியினராயினும், நாம் கேட்போம்: சாதனை உண்டென்றால் சபைக்கு வர அச்சமேன்?