யாருடைய திண்ணை?

கட்டடக்கலை பேசுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தமிழனின் பொதுவெளி எது என்று கேட்டால் உடனே திண்ணை என்பார்கள். வழிப்போக்கன் இளைப்பாறிய இடமாம், பள்ளிக்கூடம் நடந்த இடமாம், ஊர்ப்பேச்செல்லாம் கூடிய இடமாம். சரி, யாருடைய திண்ணை? எங்க தாத்தா ஊர்த்தெருவில் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்ததில்லை. தெருவில் நின்றார், அதுவும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு. நல்ல கட்டடம் மனுசங்களை ஒன்றுசேர்க்கும், படிக்க வைக்கும், உடம்பையும் மனசையும் தேற்றும் என்கிறவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. அதே செங்கல், அதே சிமெண்ட் பிரிக்கவும் செய்யும் என்பதை நாம்தான் சொல்லவேண்டியிருக்கிறது. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பியதும் ஒரு கட்டுமானம்தானே. அதில் ஒரு பகுதியை இடித்து வழிவிட 2008 மே மாதம் வரை ஆனது.

சதாராவில் பள்ளிப்பிள்ளையாக இருந்த அம்பேத்கர் வகுப்பின் மூலையில் தனிச் சாக்கு விரித்து உட்கார்ந்தார். சாயங்காலம் அந்தச் சாக்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்கக் கூடாது, பியூன் வந்து திறந்துவிடவேண்டும். பியூன் வராவிட்டால் தண்ணீர் இல்லை. அந்தப் பள்ளிக்குச் சுவர் இருந்தது, கூரை இருந்தது, குழாய்கூட இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து 1930களில் பம்பாய் தாதரில் தன் புத்தகங்களுக்கு இடம் வைத்து ராஜகிருகத்தைக் கட்டிக்கொண்டார். வெளிச்சமும் அலமாரியும் தனி மேசையும் ஆடம்பரம் என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லவேண்டும்.

பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவல் நடக்கும் பொதுக்கட்டடம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு வருசம் தாண்டிவிட்டது. அது நுழைவதற்கான உரிமை. நுழைந்த பிறகு? நான் பிழைப்புக்கு வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவன். எதிரே நாற்காலி காலியாகக் கிடக்கும், நம்ம சேரிப் பாட்டி நின்றுகொண்டே இருப்பாள். 'உட்காரும்மா' என்று மூன்று தடவை சொன்னால் நுனியில் உட்காருவாள். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. இது உனக்கும் சேர்த்துக் கட்டினது என்பதைக் கட்டடம் தானாகச் சொல்லவேண்டும், கவுண்டர்க்காரன் தயவில் அல்ல.

அப்படிச் சொல்கிற கட்டடம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 8 ஏக்கரில் 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். அதன் பிரம்மாண்டத்தை நான் பேசவில்லை. தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவு இருக்கிறது. படியேற வைக்காமல் அங்கே வைத்தது யோசித்துச் செய்த காரியம். இன்னொரு பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கும் இடம். எனக்கு மொத்தக் கட்டடத்திலும் முக்கியமானது அதுதான். வீட்டில் ஒரே அறை, அதில் டி.வி., அடுப்பு, ஐந்து பேர். அந்த வீட்டுப் பையனுக்கும் பொண்ணுக்கும் முதல் தேவை புத்தகம்கூட இல்லை. மேசை, மின்விசிறி, அமைதி, சுத்தமான கக்கூஸ். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நம் பிள்ளைகள் அங்கே வந்து உட்காருகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் என்ன சாதி என்று தெரியாமல் எட்டு மணி நேரம் ஒரே மேசையில் படிப்பது நம் கிராமங்களில் எந்த இடத்தில் முடியும்?

2011 நவம்பரில் அந்த நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. நீதிமன்றம் தடுத்ததால் தப்பியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஏழை படிக்கிற இடத்தைத்தான் இவர்கள் முதலில் காலி இடமாகப் பார்க்கிறார்கள்.

இனி நம்ம விடுதிகளுக்கு வருவோம். நான் இருந்த விடுதியில் சோறு தின்ற இடத்திலேயே படுத்தோம், படுத்த இடத்திலேயே படித்தோம். டிரங்குப் பெட்டிதான் மேசை. நாற்பது பேருக்கு இரண்டு டியூப்லைட். அதன் கீழே இடம் பிடிக்கச் சண்டை. ஊருக்கு வெளியே, ஏரிக்கரையைத் தாண்டி. இந்த 'வெளியே' என்பது தற்செயல் அல்ல. இடம் ஒதுக்கும் கோப்பிலேயே சேரி எழுதப்பட்டுவிடுகிறது. பின்னால் எந்தப் பொறியாளர் வந்து எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அந்த முதல் வரியை அழிக்க முடியாது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். நல்லது, பெயரும் ஒரு சுவர்தான், அது இடியட்டும். ஆனால் பெயிண்டர் ஒரு நாளில் பலகையை மாற்றிவிடுவார். தனியாக ஒரு படிப்பறை, எதிரெதிர்ச் சன்னல், பெண்கள் விடுதியில் உள்தாழ்ப்பாள் உள்ள குளியலறை, ஊருக்கு நடுவே மனை, இவையெல்லாம் பட்ஜெட்டில் வரவேண்டியவை.

சமத்துவபுரத்தைப் பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு. 1998இல் மேலக்கோட்டையில் தொடங்கியபோது நூறு வீட்டில் நாற்பது நமக்கு, மிச்சம் பிறருக்கு, சுடுகாடும் சமுதாயக்கூடமும் எல்லாருக்கும் பொது என்று வரைபடத்திலேயே வைத்தார்கள். அந்த ஒரு யோசனை சரியானது. மற்றபடி நடப்பது என்ன? சேரிக்குள் ஒரு சமுதாயக்கூடம், ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபம். இரண்டும் அரசுப் பணம். நம்ம கூடத்துச் சாவி தலைவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பிள்ளைகள் படிக்கக் கேட்டால் தேர்தல் சாமான் இருக்கிறது என்பார்.

விடுதி மாணவர்களே, அடுத்த இதழுக்குக் கவிதை அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நோட்டுத்தாளில் உங்கள் விடுதியின் படத்தைக் கோடு போட்டு வரையுங்கள். சன்னல் எங்கே, குழாய் எத்தனை, ஒரு கக்கூஸுக்கு எத்தனை பேர், ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்த விளக்கின் கீழ் படிக்கிறீர்கள், பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்று அதில் குறியுங்கள். பெண்கள் விடுதிப் படங்களுக்கு முதலிடம். வந்த படங்களை அப்படியே அச்சிடுவோம். கையில் அவற்றோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.