கூடு கலைந்த குட்டிப் பூதம்



சில மாதங்களுக்கு முன் என் வகுப்பில் நடந்த ஒன்றை இந்த முறை சொல்லப் போகிறேன். அதில் தவறு செய்தவள் நான்தான். ஆகவே வேறு யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

ஐந்தாம் ஆண்டில் ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம். கெட்டிக்காரி. கேட்ட கேள்விக்கு முதல் ஆளாகக் கை தூக்குவாள். ஆறேழு மாதமாக அந்தக் கை தூக்குவதே இல்லை. கணக்குப் பாட நேரத்தில் மேசைக்கு அடியில் ஏதோ புத்தகம். எட்டிப் பார்த்தேன். ஆங்கிலப் புத்தகம். உள்ளே கொம்பும் பல்லுமாகப் பூதப் படங்கள். "இதுதான் கணக்கா?" என்று பிடுங்கி என் மேசை அறையில் போட்டுப் பூட்டினேன். பிள்ளை அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் அம்மா வந்துவிட்டார்.

"டீச்சர், புள்ளைக்கு ஏதோ காத்துக் கருப்பு பட்டிருக்கு. ராத்திரியெல்லாம் லைட்ட போட்டுக்கிட்டு பேய்ப் புத்தகம் படிக்குது. தனியா பேசுது. ஞாயித்துக்கிழம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டப் போறேன். அந்தப் புத்தகத்த நீங்களே எரிச்சிடுங்க. வீட்டுல இன்னும் ரெண்டு கெடக்கு, அதையும் கொண்டாந்து தரேன்."

"கயிறு கட்டுங்கம்மா, வேண்டாமுன்னு சொல்லல. ஆனா எரிக்கிறதுக்கு முன்னால அதுல என்னதான் எழுதியிருக்குன்னு நான் பாத்துடறேன்," என்றேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு புத்தகத்தைப் படிக்காமலே எரித்தார் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். பெரிய நல்லெண்ணம் ஒன்றும் இல்லை.

அன்றிரவு துணி மடித்துவிட்டு உட்கார்ந்தேன். படித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

'ஸ்பைடர்விக் குரோனிக்கல்ஸ்' என்பது அந்த வரிசையின் பெயர். ஹோலி பிளாக் என்ற அமெரிக்கப் பெண்மணியும் டோனி டிடெர்லிஸி என்ற ஓவியரும் சேர்ந்து செய்தது. 2003, 2004 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஐந்து சிறு புத்தகங்களாக வந்தது. 2008-இல் படமாகவும் எடுத்தார்கள். பிள்ளைக்கு அதில் மூன்று புத்தகம் பாசார் மாலாமில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்திருக்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

கதை இதுதான். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்ட குடும்பம். மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அம்மா ஒரு பழைய, இடிந்துபோன வீட்டுக்குக் குடி வருகிறாள். அந்த வீட்டுச் சுவருக்குள்ளே ஒரு குட்டிப் பூதம் வாழ்கிறது. மேல்நாட்டில் அதைப் பிரௌனி என்கிறார்கள். வீட்டுக்கு நல்லது செய்யும் பூதம், நம் வீட்டுக் காவல் தெய்வம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பிள்ளைகள் சுவரை உடைத்து, உள்ளே இருந்த அதன் கூட்டைக் கலைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த நல்ல பூதம் கெட்ட பூதமாக மாறிவிடுகிறது. தூங்குகிற அக்காவின் தலைமுடியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பழி முழுவதும் நடுவில் மாட்டிக்கொண்ட பையன் தலையில் விழுகிறது. பிறகு, ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் பிசாசுக் கூட்டம், ஓட்டைக் கல் வழியாகப் பார்த்தால் தெரியும் மாய உலகம் என்று கதை போகிறது. இருட்டும் பயமும் நிறைந்த கதைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படித்து முடித்தபோது எனக்கு என் சின்ன வயசு நினைவு வந்தது. நாங்கள் இருந்தது தங்காக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். சம்பளம் வாங்கிய மறுநாள் அப்பா பட்டணத்துக்குச் சைக்கிளில் போவார். திரும்பும்போது கூடையில் மீன், பிஸ்கட், அதற்கு அடியில் 'அம்புலிமாமா'. 1947-ஆம் ஆண்டு சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய இதழ் அது. இன்று அது வருவதில்லை. ஆனால் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறந்தவர் நம்மில் உண்டா? கையில் கத்தியும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்த மகாராஜா நள்ளிரவில் சுடுகாட்டு வழியே நடந்து வருவார்.

யோசித்துப் பாருங்கள். பிணத்துக்குள் புகுந்த வேதாளம், சுடுகாடு, மண்டை ஓடு, "பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும்" என்ற மிரட்டல். இதைவிட இருட்டான கதை வேண்டுமா? ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை, வருஷக்கணக்கில் அதைப் படித்தோம். எங்களுக்கு யாரும் கயிறு கட்டவில்லை. என் அப்பாவே உரக்கப் படிக்க, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசல்படியில் உட்கார்ந்து கேட்பார்.

அந்தக் கதைக்கு வயது ஆயிரம் ஆகப்போகிறது. காஷ்மீரத்துச் சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் வடமொழியில் தொகுத்த 'கதா சரித் சாகரம்' என்ற நூலில் அது இருக்கிறது. அதில் கதை எப்படி முடிகிறது என்று பலருக்குத் தெரியாது. வேதாளம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி ராஜா ஏமாறுகிறார். வேதாளமும் மரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. வாய் பேசாமல் நடக்கிறார். அப்போதுதான் வேதாளம் மனம் இரங்குகிறது. "உன்னைப் பிணம் தூக்க அனுப்பிய சன்னியாசி உன்னையே பலி கொடுக்கப் போகிறான், எச்சரிக்கையாக இரு" என்று உண்மையைச் சொல்லி, தப்பும் வழியையும் காட்டுகிறது. அத்தனை பதிலும் கொடுக்காத நன்மையை ஒரு மௌனம் கொடுத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் பிள்ளையை நிறுத்திப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன்.

"டீச்சர் முழுசும் படிச்சிட்டேன். நல்லாத்தான் இருக்கு. உனக்கு இதுல யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். "அந்தக் குட்டிப் பூதம் டீச்சர்."

"அது கெட்டதாச்சே?"

"இல்ல டீச்சர். அது நல்லதுதான். அதோட கூட்ட கலைச்சிட்டாங்க, அதான் அப்படி ஆயிடுச்சி. எங்கப்பா மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். தகப்பனார் நல்ல பால்வெட்டுத் தொழிலாளி. பொழுது விடிவதற்கு முன்பே பிரட்டுக்கு நிற்பவர். வேலை முடிந்தால் நாலு மாடு, வாழைத் தோட்டம், கோயில் திருவிழாவென்றால் முதல் ஆள். தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளை இடித்தார்கள். இவர்களுக்குப் பட்டணத்து அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இரண்டு அறை. மாட்டை நாலாவது மாடிக்கு ஏற்ற முடியுமா? விற்றுவிட்டார். இப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா வேலை. பகலில் தூக்கம் வருவதில்லை. தூக்கத்துக்கு என்று சம்சு குடிக்கத் தொடங்கியவர், இப்போது எதற்கென்று தெரியாமலே குடிக்கிறார். வீட்டில் தட்டு பறக்கிறது.

"டீச்சர், அதுக்குப் புதுசா ஒரு கூடு செஞ்சி கொடுத்ததும் அது பழையபடி ஆயிடுச்சி. அப்பாவும் அப்படி ஆயிடுவாங்களா?"

வாசகர்களே, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எத்தனையோ பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. 'ஆவாங்கம்மா' என்று சொன்னால் பொய். 'ஆகமாட்டாங்க' என்று சொல்ல நான் யார்? விக்கிரமாதித்தரைப் போல வாயை மூடிக்கொண்டு அவள் தலையைத் தடவினேன். பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன். "கூடு கட்டுறது புள்ளைங்க வேலை இல்லடா. அது பெரியவங்க வேலை. நாங்க பாத்துக்கிறோம். நீ படி."

பேய்க் கதை பிள்ளையைக் கெடுத்தது என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் வீட்டில் இருந்த பேய்க்குப் பெயர் தெரியாமல்தான் பிள்ளை தவித்துக்கொண்டிருந்தது. புத்தகம் அந்தப் பெயரைக் கொடுத்தது.

இப்படிப்பட்ட கதைகளைத் தேடி அமெரிக்காவுக்குப் போகவும் வேண்டாம். நம் ஜொகூரிலேயே லேடாங் மலை நிற்கிறது, 1,276 மீட்டர் உயரத்தில். கண்ணுக்குத் தெரியாத ஓராங் பூனியான் மக்கள் காட்டுக்குள் ஊர் கட்டி வாழ்கிறார்கள் என்று மலாய்க்காரர்கள் கதை சொல்வார்கள். அந்த மலை உச்சியிலும் ஒரு மாயப் பெண் உண்டு, லேடாங் மலை இளவரசி. ஜொகூர் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் 1612-இல் தொகுத்த 'செஜாரா மெலாயு'வில் அவள் கதை வருகிறது. மலாக்கா சுல்தான் மாமூட் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். அவள் சீர் கேட்கிறாள். மலாக்காவிலிருந்து மலைவரை தங்கத்தால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டுக் கொசு ஈரல், ஏழு தட்டுக் கிருமி ஈரல், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம் பாக்குச் சாறு. கடைசியாக, சுல்தானின் ரத்தம் ஒரு கிண்ணம், அவர் மகனின் ரத்தம் ஒரு கிண்ணம். மற்றதையெல்லாம் கொடுத்துவிடலாம், ரத்தம் எடுக்க மட்டும் மனம் வரவில்லை என்று சுல்தான் ஆசையை விட்டுவிடுகிறார்.

இந்தக் கதையைத்தான் அந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். தகப்பனார் அன்று குடிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, குடியும் அந்த மலை மேல இருக்கிற பொண்ணு மாதிரிதான். முதல்ல சம்பளத்தைக் கேட்கும். அப்புறம் அண்ணியோட தாலிக்கொடியைக் கேட்கும். கண்ணீரு ஒரு தாழி கேட்கும், அதையும் கொடுத்திட்டீங்க. இப்ப புள்ளையோட கிண்ணத்தை நீட்டுது. சுல்தானே அந்த எடத்துல நின்னுட்டாரு," என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "மாட்ட வித்தன்னைக்கு அதுங்க திரும்பிப் பாத்துச்சிங்க டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் பிள்ளைக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். வாரம் இரண்டு பக்கம் அந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுத வேண்டும். எழுதியதை வீட்டில் அப்பாவுக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கி வர வேண்டும். முதல் வாரம் அம்மாவின் கையொப்பம் வந்தது. இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் கோணல்மாணலாக ஓர் எழுத்து, அப்பாவுடையது. சுவரை உடைத்துக் கூட்டைக் கலைத்த பக்கம் அது. படித்து முடித்ததும் அவர் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்புறம் அந்தப் பூதம் என்னாச்சி?" என்று கேட்டாராம்.

"அடுத்த வாரம் சொல்றேன்பான்னு சொல்லிட்டேன் டீச்சர்," என்று சிரித்தாள். வேதாளத்தின் வித்தை பிள்ளைக்கும் வந்துவிட்டது!

அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. ஆனால் அரசாங்க மருத்துவமனைக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறார். கதை படிக்கும் நாளில் மட்டும் போத்தலைத் தொடுவதில்லை என்று அண்ணி சொல்கிறார். இரண்டு பக்கம் என்பதை நான் இப்போது நான்கு பக்கம் ஆக்கி, வாரத்தில் இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். பிள்ளை பூதக் கதை படித்தால் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நானும் பிடுங்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல உனக்கு யாரைப் பிடிக்கும்? யாரைக் கண்டா பயம்?" என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம். கயிறு கட்டுவதானாலும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வீட்டில் குடி இருந்தால் அதைப் பிள்ளையின் தலையில் சுமத்தாமல், பெரியவர்கள் சேர்ந்து மருத்துவமனைக்கு வழி பாருங்கள். அது நோய். மருந்தும் உண்டு.

போன வாரம் கணக்குப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். பின் வரிசையில் ஒரு கை தூக்கியது. பதில் தப்புத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.