சர்வர் வாங்கும் முன் லண்டனைப் பாருங்கள்

கடைக்காரர் ஆர்டர் போடுவதும், மொத்த வியாபாரி விலை சொல்வதும் கம்ப்யூட்டரிலேயே நடக்கும்படி வணிகர்கள் கூடி ஒரு பொதுத் தளம் அமைக்கலாமே என்ற பேச்சு நம்மிடையே வலுத்து வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் சர்வருக்கு விண்டோஸா, லினக்ஸா என்ற கேள்வி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம்.

லண்டன் பங்குச் சந்தையின் அனுபவம் நமக்குப் பாடமாகும். 2007-ல் அது விண்டோஸ் சர்வர் மீது புதிய வணிகத் தளத்தை அமைத்தது. 2008 செப்டம்பர் 7-ஆம் தேதி அமெரிக்க அரசு இரு பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. மறுநாள் லண்டனில் வாங்குவோரும் விற்போரும் மொய்த்தனர். அன்று பார்த்துத் தளம் ஏறக்குறைய ஏழு மணி நேரம் முடங்கியது. தீபாவளிக்கு முதல் நாள் தராசு உடைந்த கதைதான்!

2009-ல் அந்தச் சந்தை, இலங்கையின் மில்லேனியம் ஐடி நிறுவனத்தைச் சுமார் 3 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. 2011 பிப்ரவரி 14 முதல் லினக்ஸில் ஓடும் அதன் தளத்துக்கு மாறியது. இனிக் கவலையில்லை என்று நினைத்தால், பதினொரே நாளில் அதுவும் சுமார் நான்கு மணி நேரம் நின்றது!

ஆக, எந்தப் பெயரும் நம்மைக் காப்பாற்றாது. லண்டன்காரர்கள் லினக்ஸுக்கு மாறியதோடு நிற்கவில்லை. தளத்தை எழுதிய ஆட்களையே தம்மவர்களாக்கிக் கொண்டார்கள். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நமது கருத்து இதுதான்: கடையில் இருக்கும் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். டாலி முதலிய கணக்குகள் விண்டோஸில் ஓடட்டும். நடுவில் வைக்கும் பொது சர்வருக்கு லினக்ஸே போதும். விண்டோஸ் சர்வருக்கு லைசென்ஸ் கட்டணம் உண்டு. பயன்படுத்தும் ஆட்கள் கூடக் கூட அதுவும் கூடலாம். லினக்ஸை இலவசமாகவே பெறலாம். ஆனால் மிச்சமாகும் பணத்தை லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் மாற்று சர்வர் ஒன்றும், கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் வழியில்லையென்றால் தளமே வேண்டாம் என்போம்.

இன்னொன்று. எதுவானாலும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விண்டோஸ் சர்வர் 2012-க்கு வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பழைய பெட்டியை மலிவாகத் தள்ளிவிட வருவோரிடம் உஷாராக இருப்போம். நமது பற்று வரவு முழுவதையும் வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சிட்டைப் புத்தகத்தையும் பரணில் போட்டுவிட வேண்டாம். சர்வர் நின்றாலும் கல்லா நிற்கக் கூடாது.