அண்ணல் எழுதிய இன்னொரு அரசியல் சட்டம்

நவம்பர் 26 வந்தால் அரசியல் சட்டத்தின் முகப்புரையைச் சேர்ந்து நின்று வாசிக்கிறோம். ஊர்வலத்தில் அந்தப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறோம். அது நம் ஆயுதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அண்ணல் அம்பேத்கர் இன்னொரு அரசியல் சட்டமும் எழுதினார். எந்த நாட்டிலும் அமலுக்கு வராத சட்டம் அது. இளம் தோழர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அதன் பெயர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்'. அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கு அளிப்பதற்காக 1947இல் அவர் தயாரித்தது. கோரிக்கை மனு என்று சொன்னாலும், முகப்புரை, பிரிவுகள், உட்பிரிவுகள் என்று முழுச் சட்ட வடிவில் இருக்கிறது. அந்தக் கூட்டாட்சி நாட்டுக்கு 'இந்திய ஐக்கிய நாடுகள்' என்றே பெயர் வைத்திருந்தார்.

அந்த நாட்டில் விவசாயம் அரசுத் தொழில். நிலம் அரசுக்குச் சொந்தம். சாதி, மத வேறுபாடு பார்க்காமல் ஊர் மக்களுக்குக் குத்தகைக்கு விடப்படும், கூட்டாகப் பயிரிடப்படும். பண்ணையாரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் அரசின் கையில். இதெல்லாம் 10 ஆண்டுகளுக்குள் நடந்தே தீர வேண்டும் என்று கெடுவும் வைத்தார். பிரதமரை ஆளும் கட்சி மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது, முழு அவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அமைச்சரவையில் சிறுபான்மையினரின் பிரதிநிதிகளை அந்தந்தச் சிறுபான்மை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். பட்டியல் சாதியினருக்குத் தனி வாக்காளர் தொகுதி. ஊரை நம்பி வாழ வேண்டிய நிலையை உடைக்க, தரிசு நிலங்களில் அவர்களுக்குத் தனிக் குடியிருப்புகள். அதற்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், ஒரு குடியேற்ற ஆணையம்.

1947 ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைந்தது. தலைவர் அண்ணல்தான். ஆனால் சபையின் பெரும்பான்மை காங்கிரசிடம் இருந்தது. தனி வாக்காளர் தொகுதி போனது. நில உடைமை கைவைக்கப்படவில்லை. பொருளாதார நீதி, நீதிமன்றத்தில் கேட்க முடியாத வழிகாட்டு நெறிகளுக்குள் ஒதுங்கியது. அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் அசமத்துவம் என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அவரே எச்சரித்தார்.

இதை ஏன் வீரபாண்டியில் உட்கார்ந்து பேச வேண்டும்?

ஒரு வகையில், அண்ணல் கேட்ட தனிக் குடியிருப்பைச் சட்டம் கொடுக்கவில்லை, திருப்பூர் அரைகுறையாகக் கொடுத்தது. கூலியும் கிணறும் வழியும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த ஊர்களை விட்டு நம் மக்கள் பனியன் கம்பெனிகளுக்கு வந்தார்கள். சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளம், பண்ணையத்துக் கூலி தராத நிமிர்வைத் தந்தது. பவர் டேபிளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பீஸ் ரேட் கேட்பதில்லை.

ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்துத் தூங்க ஒரு வீடு வேண்டுமே! பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவைச் சுற்றிய சந்துகளில் 'வீடு வாடகைக்கு' அட்டையைப் பார்த்துக் கதவைத் தட்டினால் முதல் கேள்வி 'சொந்த ஊரு எதுங்க?', அடுத்தது 'நீங்க என்ன ஆளுங்க?'. பதில் சொன்னதும், இருந்த வீடு இல்லாமல் போகிறது. நேற்றுக் காடுதோட்டம் வைத்திருந்த சாதிகளின் கையில்தான் இன்று பெரும்பாலும் சைட்டும் லைன் வீடும். நிலத்தைத் தொடாமல் விட்ட சட்டம் நகரத்திலும் நம்மைத் துரத்துகிறது.

இந்த இடத்தில் அண்ணலின் வரைவைத் திறந்து பாருங்கள். சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய அவர், புறக்கணிப்பு என்றால் என்ன என்று விளக்கும்போது முதலிலேயே வைத்தது வீட்டையோ நிலத்தையோ கொடுக்க மறுப்பதைத்தான். நம் கையில் இருக்கும் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. அது பெரிய வெற்றி. ஆனால் அந்த விளக்கத்திலும் வீடு என்ற சொல் நேரடியாக இல்லை.

'இதற்கெல்லாம் ஒன்றிய அரசுதான் சட்டம் போட வேண்டும்' என்று நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவுக்கு 2017இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. வாடகை, முன்பணம், ஒப்பந்தப் பதிவு பற்றிப் பேசும் அந்தச் சட்டம், சாதி பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கவில்லை. மகாராஷ்டிரா 2016இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் மனம்தான் வேண்டும்.

மாநில சுயாட்சியை நாம் ஆதரிக்கிறோம். 1971 இராஜமன்னார் குழு அறிக்கை முதல் 2025இல் அமைக்கப்பட்ட குரியன் ஜோசப் குழு வரை இந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் அதிகாரம் சேரிக்கு வரும் வழி எது என்று கேட்பதும் நம் கடமை. அண்ணலின் வரைவு ஒன்றியத்தையும் நம்பவில்லை, மாநிலத்தையும் நம்பவில்லை. சிறுபான்மையினர் பாதுகாப்பை இரண்டின் மேலும் கட்டாயமாக்கியது. நமக்கான கூட்டாட்சிப் பாடம் அதுதான்.

தனிக் குடியிருப்பு இன்றைக்கும் சரியா, அது ஒதுக்கலை உறுதிப்படுத்தாதா என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அவர் கேட்டது ஊருக்கு வெளியே இன்னொரு சேரி அல்ல. சொந்த நிலமும் சொந்தப் பிழைப்பும் உள்ள, யாரையும் அண்டாத ஊர். இன்றைய நகரத்தில் அதன் பொருள் எந்தத் தெருவிலும் வீடு எடுக்கும் உரிமை என்றே நாம் வாசிக்கிறோம்.

எனவே தோழர்களே, அடுத்த முகப்புரை வாசிப்போடு இந்த வரைவையும் படிப்பு வட்டத்தில் வையுங்கள். உங்கள் பகுதியில் வீடு மறுக்கப்பட்டவர்களின் அனுபவங்களை, அவர்கள் சம்மதத்தோடு, தேதி, இடம், சொன்ன காரணம் என்று பதிவு செய்யுங்கள். 2017 வாடகைச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைச் சேர்க்கக் கோரி உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள்: சாதியைக் கேட்டு வீடு மறுப்பது குற்றம்.

1947இல் அண்ணல் எழுதி வைத்த வரி அது. சட்டப் புத்தகத்தில் ஏற்றுவதுதான் பாக்கி.

ஜெய் பீம்!