மாமாவின் ட்ரங்குப் பெட்டி

எங்கள் மாமா சொல்தா. சைகோனில் இருந்துவிட்டு வந்தவர், பிரெஞ்சு பென்ஷன். பொழுது போகாவிட்டால் துப்பாக்கியோடு ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவார். சுட்ட தோட்டாவின் கூட்டை எறிய மாட்டார். புதுக் கேப்பு வைத்து, மருந்தும் ஈயக் குண்டும் அளந்து போட்டுத் தானே அடைத்துக்கொள்வார்.

அவர் போய் வெகு காலம் ஆகிறது. வீட்டை இடிக்கப் பரணைக் காலி செய்தபோது அவர் பெட்டி இறங்கியது. உள்ளே இரண்டு டப்பா மருந்து, ஒரு சிமிழ் நிறையக் கேப்பு.

“அம்பது வருஷம் ஆச்சு அத்தான், நமுத்துப் போயிருக்கும். குப்பையில கொட்டிடலாம்” என்றான் மாமா மகன்.

நம்மில் பலர் நினைப்பதும் இதுதான். தேதி முடிந்த மாத்திரை மாதிரி, வெடிமருந்தும் வீரியம் போய்ச் சும்மா கிடக்கும் என்று. அப்படி இல்லை.

ஒரு டப்பாவில் இருந்தது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம். ஈரம் படாமல் இருந்தால் அதற்கு வயதே கிடையாது; நூறு வருஷம் கழித்தும் ஒரு பொறி போதும்.

மற்றது புகையில்லா மருந்து. 1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வகை. இது வைத்த இடத்திலேயே மெள்ளச் சிதைந்து அமில வாயு விடும். அதைப் பிடித்து வைக்க டைஃபெனைலமின் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அது தீர்ந்ததும் சிதைவு வேகம் பிடிக்கும், சூடு ஏறும், யாரும் கொளுத்தாமலே பற்றிக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் பரணைவிடக் கெட்ட இடம் இதற்கு இல்லை.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் தூலோன் துறைமுகக் கதை எனக்குத் தெரியும். 1907 மார்ச்சில் இயேனா என்ற போர்க்கப்பல் அங்கே வெடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1911 செப்டம்பரில் லிபெர்த்தே, ஏறக்குறைய முந்நூறு பேர். எதிரி யாரும் சுடவில்லை. கப்பலுக்குள் இருந்த பழைய மருந்துதான் காரணம் என்றார்கள்.

எங்கள் டப்பாவின் மூடி துருவேறியிருந்தது. ஓரத்தில் செம்பழுப்புத் தூள், மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி. திறக்காதே என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், “நீங்களே எடுத்துட்டு வாங்க சார்” என்கிறார்கள். ஸ்கூட்டரிலா? இது எனக்குச் சரியாகப் படவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டிலிருந்து அவர்கள்தான் வந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் என் மச்சான் சொன்ன வழிக்குத்தான் போவார்கள். குப்பை வண்டிக்காரன் தலையில் விடியும்.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? மனு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, நேரில் போய் முத்திரை வாங்கினேன். மூன்றாம் நாள் ஆள் வந்தார்கள். பெட்டியை மட்டும் மச்சான் திருப்பிக் கேட்டான், அதில் மாமா பெயர் எழுதியிருந்ததாம்.